ஹெஸ்ஸேயின் கடைசி கிராண்ட் டியூக் எர்ன்ஸ்ட் லுட்விக்: குடும்ப வரைபடம் போடுவதில் சில சந்தேகங்கள்

மணிமுத்தாறு

வணக்கம். ஜெர்மனியின் ஹெஸ்ஸே நாட்டை 1892 முதல் 1918 வரை ஆண்ட கிராண்ட் டியூக் எர்ன்ஸ்ட் லுட்விக் பற்றி ஒரு நீண்ட கட்டுரையும், கூடவே நாலு தலைமுறைக்குக் குடும்ப வரைபடமும் தயாராகிறது. வரைபடம் ஒரே ஏ3 தாளில் அடங்க வேண்டும். சில இடங்களில் தெளிவு தேவை.

ஆங்கிலப் புத்தகங்களில் யாரைப் பார்த்தாலும் 'கசின்' என்றே இருக்கிறது. முதல் மனைவி விக்டோரியா மெலிட்டா கசின், ஜெர்மன் கைசர் (பேரரசர்) கசின், பாட்டன்பெர்க் இளவரசர் கசின். உறவுமுறையைத் தமிழில் சரியாக எப்படிப் போடுவது?

தேதிகளும் ஒத்துவரவில்லை. எர்ன்ஸ்ட் லுட்விக்கின் அக்கா எலிசபெத்தின் திருமணம் ஓரிடத்தில் 1884 ஜூன் 3, இன்னோரிடத்தில் ஜூன் 15. அதோடு இந்தக் குடும்பத்தில் 1878, 1903, 1937 என்று மூன்று சாவுகளும் நவம்பர் 16ஆம் தேதியிலேயே விழுகின்றன. இதில் ஏதாவது அச்சுப்பிழையா?

ஹீமோபிலியாவுக்கு (ரத்தம் உறையாத பரம்பரை நோய்) யார் யார் பெயருக்குப் பக்கத்தில் குறி போடுவது? எர்ன்ஸ்ட் லுட்விக்குக்கே போட வேண்டுமா?

கடைசியாக, 26 ஆண்டு ஆட்சியில் குடும்பத்துக்கு வெளியே கட்டாயம் சொல்ல வேண்டியது எது?

கல்வெட்டுப்பித்தன்

நாலு தலைமுறை போதாது. நான்காம் லுட்விக்கிலிருந்து, அதாவது எர்ன்ஸ்ட் லுட்விக்கின் அப்பாவிலிருந்து தொடங்கினால் பாதி உறவுகள் அந்தரத்தில் நிற்கும். கொள்ளுத்தாத்தா இரண்டாம் லுட்விக்கிலிருந்து (1777–1848) தொடங்குங்கள். அவர் பிள்ளைகளில் நாலு பேர் உங்களுக்கு வேண்டும்: மூன்றாம் லுட்விக், கார்ல், அலெக்சாண்டர், மரீ. இந்த நாலு பெட்டிகளை வைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக இடத்தில் உட்காரும்.

மூன்றாம் லுட்விக்குக்கு வாரிசு இல்லை. தம்பி கார்ல் 1877 மார்ச்சில் காலமானார். அண்ணனும் அதே ஆண்டு ஜூன் 13இல் போய்விட்டார். மூன்று மாத வித்தியாசத்தில் பட்டம் கார்லைத் தாண்டி அவர் மகன் நான்காம் லுட்விக்குக்கு வந்தது. ஆகவே கார்லின் பெட்டியில் 'கிராண்ட் டியூக்' என்று எழுதக்கூடாது; அவர் ஆண்டதே இல்லை. இணையத்தில் சுற்றும் பல வரைபடங்களில் இந்தத் தவறு இருக்கிறது.

அலெக்சாண்டர் 1851இல் யூலியா ஹவுக்கே என்ற பெண்ணை மணந்தார். அரச குலத்துக்குச் சமமான குடும்பம் அல்ல என்பதால் பிள்ளைகளுக்கு ஹெஸ்ஸே வாரிசுரிமை கிடையாது. அவர்களுக்குப் பாட்டன்பெர்க் என்ற புதுப்பெயர் வந்தது. 1917இல் இங்கிலாந்திலிருந்த கிளை அதையே மவுண்ட்பேட்டன் என்று மாற்றிக்கொண்டது. மரீ, ரஷ்யாவின் இரண்டாம் அலெக்சாண்டருக்கு வாழ்க்கைப்பட்டார். ஹெஸ்ஸேக்கும் ரஷ்யாவுக்கும் இடையே பின்னால் நடந்த அத்தனை சம்பந்தங்களுக்கும் வேர் இந்தத் திருமணம்தான்.

இனி அம்மா வழி. எர்ன்ஸ்ட் லுட்விக்கின் தாய் ஆலிஸ், விக்டோரியா மகாராணியின் மகள். அந்தப் பக்கத்திலிருந்து ஐந்து பேர் போதும்: மூத்தவர் விக்டோரியா (கைசரின் தாய்), ஏழாம் எட்வர்ட், ஆலிஸ், ஆல்ஃபிரட், ஆர்தர்.

முறை கண்டுபிடிக்க வழி: இருவருக்கும் பொதுவான மூதாதையரின் பிள்ளைகளைப் பாருங்கள். அவர்கள் அண்ணன்-தங்கையா, அக்கா-தங்கையா, அண்ணன்-தம்பியா என்பதைக் குறித்துக்கொண்டு கீழே இறங்குங்கள். அப்படிப் பார்த்தால் கிடைப்பது இது.

முதல் மனைவி விக்டோரியா மெலிட்டா, ஆலிஸின் தம்பி ஆல்ஃபிரடின் மகள். தாய்மாமன் மகள், அசல் முறைப்பெண். அவருடைய தாய், மேலே சொன்ன மரீயின் மகள். அதனால் அப்பா வழியிலும் சொந்தம். கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் பெரியம்மா மகன், அண்ணன் முறை. இங்கிலாந்தின் ஐந்தாம் ஜார்ஜ் தாய்மாமன் மகன்.

அக்கா இரீன் மணந்த பிரஷ்ய இளவரசர் ஹைன்ரிக், கைசரின் உடன்பிறந்த தம்பி. அதாவது இரீனுக்குப் பெரியம்மா மகன். நம் வழக்கத்தில் கட்டாத உறவு. மெய்ப்புப் பார்ப்பவர் 'பெரியம்மா மகனையா மணந்தார்?' என்று பேனாவை எடுப்பார்; ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்துவிடுங்கள். மூத்த அக்கா விக்டோரியா மணந்த பாட்டன்பெர்க் லூயி, அப்பாவின் சித்தப்பா அலெக்சாண்டரின் மகன். ஆகவே விக்டோரியாவுக்குச் சித்தப்பா முறை. அக்கா எலிசபெத் மணந்த செர்கே, மரீயின் மகன். அப்பாவுக்கு அத்தை மகன். தங்கை அலிக்ஸ் மணந்த ரஷ்யாவின் கடைசி ஜார் இரண்டாம் நிக்கோலஸ், அந்தச் செர்கேயின் அண்ணன் மகன். ஆகவே அலிக்ஸுக்கு எலிசபெத் உடன்பிறந்த அக்காவும் ஆனார், சின்ன மாமியாரும் ஆனார்.

லூயி–விக்டோரியா தம்பதியின் கடைசி மகன்தான் இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன். அவருக்கு எர்ன்ஸ்ட் லுட்விக் தாய்மாமன். நம் வாசகருக்கு இந்த ஒரு வரி போதும், ஆள் யார் என்று பிடிபட்டுவிடும். கட்டுரையின் முதல் பத்தியிலேயே வையுங்கள்.

வரையும் முறை பற்றி: விக்டோரியா மெலிட்டா போல இரண்டு கொத்திலும் வருபவருக்காகத் தாளின் குறுக்கே கோடு இழுக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் வரிசை எண் கொடுத்து, இரண்டாவது இடத்தில் எண்ணை மட்டும் போடுங்கள். திருமணத்துக்கு இரட்டைக்கோடு, மணமுறிவுக்கு அதன்மேல் ஒரு வெட்டு, தத்துக்குப் புள்ளிக்கோடு. கடைசிக் குறி உங்களுக்கு இரண்டு இடத்தில் தேவைப்படும்.

ஒரே பெயர் பிரச்சினையும் உண்டு. 1667–1739இல் வாழ்ந்த எர்ன்ஸ்ட் லுட்விக் என்ற இன்னொரு ஹெஸ்ஸே ஆட்சியாளர் இருக்கிறார். அவர் லாண்ட்கிராஃப் (அதைவிடக் கீழ்ப்பட்ட பட்டம்), கிராண்ட் டியூக் அல்ல. 1806இல்தான் நாடு கிராண்ட் டச்சி ஆனது. அப்போது லாண்ட்கிராஃப் பத்தாம் லுட்விக், கிராண்ட் டியூக் முதலாம் லுட்விக் என்று எண் மாறினார். நம்மவர் ஐந்தாவது கிராண்ட் டியூக். இவர்கள் 'ஹெஸ்ஸேயும் ரைன் கரையும்' என்ற டார்ம்ஸ்டாட் கிளை. ஹெஸ்ஸே-காஸெல் கிளை வேறு. அந்த நாட்டை 1866இல் பிரஷ்யா விழுங்கிவிட்டது. 'ஹெஸ்ஸே' என்று மொட்டையாக எழுதினால் இரண்டும் குழம்பும்.

பஞ்சாங்கம்

தேதிச் சிக்கலுக்கு விடை எளிது. ரஷ்யா 1918 வரை ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. ரஷ்ய மண்ணில் நடந்த நிகழ்ச்சி என்றால், 19ஆம் நூற்றாண்டுக்கு 12 நாளும் 20ஆம் நூற்றாண்டுக்கு 13 நாளும் கூட்ட வேண்டும். கூட்டல் மாறும் இடம் 1900 பிப்ரவரி மாத முடிவு. ஜூலியன் கணக்கில் அந்த ஆண்டு லீப் ஆண்டு, கிரிகோரியன் கணக்கில் இல்லை.

எலிசபெத்–செர்கே திருமணம்: ஜூன் 3 + 12 = 1884 ஜூன் 15. அலிக்ஸ்–நிக்கோலஸ் திருமணம்: நவம்பர் 14 + 12 = 1894 நவம்பர் 26. மாஸ்கோவில் குண்டு வீசிச் செர்கே கொல்லப்பட்டது: பிப்ரவரி 4 + 13 = 1905 பிப்ரவரி 17. அலிக்ஸின் மகன் அலெக்சே பிறந்தது: ஜூலை 30 + 13 = 1904 ஆகஸ்ட் 12.

பெரும்பாலும் பிசகுவது இரண்டு இடத்தில். ஒன்று, ஏற்கெனவே மாற்றிய தேதிக்கு மறுபடியும் 12 கூட்டிவிடுவது. இரண்டு, ஜெர்மனியில் நடந்ததற்கும் கூட்டிவிடுவது. அலிக்ஸ்–நிக்கோலஸ் நிச்சயதார்த்தம் கோபுர்க் நகரத்தில் நடந்தது. 1894 ஏப்ரல் 20. நிக்கோலஸ் தன் நாட்குறிப்பில் ஏப்ரல் 8 என்று எழுதியிருப்பார். இரண்டும் ஒரே நாள். எர்ன்ஸ்ட் லுட்விக்கின் முதல் திருமணம் அதே கோபுர்க்கில் முந்தின நாள், ஏப்ரல் 19. விருந்தாளிகளுக்காக ஐரோப்பாவின் பாதி அரச குடும்பங்கள் கூடியிருந்த இடத்தில் மறுநாளே தங்கைக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை–மணப்பெண்ணைவிட அந்த நிச்சயதார்த்தமே அன்றைய பேச்சாகிவிட்டது.

நவம்பர் 16 மூன்றும் சரி, அச்சுப்பிழை இல்லை. 1878இல் நாலு வயதுத் தங்கை மே. 1903இல் மகள் எலிசபெத். 1937இல் விமான விபத்து. மூன்றும் கிரிகோரியன் தேதிகளே. 1903 நிகழ்ச்சி அன்றைய ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த ஸ்கியெர்னியெவிட்ஸெயில் (இன்றைய போலந்து) நடந்ததால், ரஷ்ய ஆவணங்களில் நவம்பர் 3 என்று பார்க்க நேரலாம். அதைத் தனி நாளாகக் கொள்ள வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. ரஷ்யாவுக்குப் போன பெண்களின் பெயரோடு 'ஃபியோதொரோவ்னா' என்று ஒட்டியிருக்கும். ரஷ்ய வழக்கப்படி அது தந்தை பெயர் என்று எண்ணி 'ஃபியோதோரின் மகள்' என்று எழுதிவிடாதீர்கள். அப்பா லுட்விக். ஆர்த்தடாக்ஸ் மதத்துக்கு மாறும் இளவரசிகளுக்கு ஃபியோதொரோவ்ஸ்கயா தேவமாதா திருவுருவத்தை ஒட்டி வைக்கும் மரபுப்பெயர் அது. அலிக்ஸ் அலெக்சாந்த்ரா ஆனார். எலிசபெத் எலிசவெத்தா ஆனார். பின்னாளில் விக்டோரியா மெலிட்டாவுக்கும் அதே ஒட்டு வந்தது.

மரபணுத்தடம்

ஹீமோபிலியா பற்றி. எர்ன்ஸ்ட் லுட்விக் பெயருக்குக் குறி போடக்கூடாது.

காரணம்: கோளாறு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கடத்தியான (தனக்கு நோய் வெளிப்படாமல் பிள்ளைகளுக்குக் கடத்தும்) தாயிடமிருந்து ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50 சதவீத வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் கடத்தியாக 50 சதவீத வாய்ப்பு. ஆணுக்கு ஒரே ஒரு எக்ஸ். அது பழுதானால் நோய் வெளிப்பட்டே தீரும், ஒளிந்திருக்க வழியில்லை. எர்ன்ஸ்ட் லுட்விக் நோயில்லாமல் 68 வயது வரை வாழ்ந்தார். ஆகவே ஆலிஸிடமிருந்து அவருக்கு வந்தது நல்ல எக்ஸ். அவர் வழியாகப் பிள்ளைகளுக்கு நோய் போக வழியே இல்லை. 'ஹெஸ்ஸே குடும்ப நோய்' என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறவர்கள் தவறுவது இங்கேதான்.

குறி போட வேண்டியவர்கள்: ஆலிஸ், கடத்தி. மகன் ஃபிரீட்ரிக், வீட்டில் 'ஃபிரிட்டி', நோயாளி. 1873 மே 29 அன்று ஜன்னலிலிருந்து விழுந்தான். எலும்பு முறிந்து சாகவில்லை. மூளையில் ரத்தக்கசிவு நிற்காமல் சில மணி நேரத்தில் இறந்தான். அப்போது அவனுக்கு இரண்டரை வயது. எர்ன்ஸ்ட் லுட்விக்குக்கு நாலரை. இரீன், கடத்தி, அவருடைய மூன்று மகன்களில் வால்டெமார், ஹைன்ரிக் இருவருக்கும் நோய், நடுவில் பிறந்த சிகிஸ்முண்ட் தப்பினார். சின்ன ஹைன்ரிக் நாலு வயதில் 1904இல் இறந்தான். அலிக்ஸ், கடத்தி, மகன் அலெக்சே நோயாளி. 2009இல் ஜார் குடும்பமான ரோமானோவ்களின் எலும்பு மரபணுவைப் பார்த்தபோது அது ஹீமோபிலியா பி என்று உறுதியானது, அதாவது ஒன்பதாம் உறைகாரணிக் குறைபாடு.

மூத்த அக்கா விக்டோரியாவின் வழியில் யாருக்கும் நோய் இல்லை. எலிசபெத்துக்குக் குழந்தை இல்லை, மே நாலு வயதில் போய்விட்டாள். இந்த இருவர் பெட்டியிலும் எதுவும் போடாமல் விடுங்கள்.

இந்தக் குடும்பத்தில் எல்லாச் சாவையும் ஹீமோபிலியா கணக்கில் எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. 1878இல் வந்தது டிப்தீரியா, நாம் தொண்டை அடைப்பான் என்போம். நவம்பர் தொடக்கத்தில் மூத்தவள் விக்டோரியாவுக்குத் தொண்டை வலி என்று ஆரம்பித்தது. அடுத்தடுத்து அலிக்ஸ், மே, இரீன், எர்ன்ஸ்ட், கடைசியில் அப்பா லுட்விக். எலிசபெத்தை மட்டும் அப்பா வழிப் பாட்டி வீட்டுக்கு அனுப்பியதால் அவள் தப்பினாள். மே இறந்ததைத் தாய் ஆலிஸ் மற்ற பிள்ளைகளிடம் வாரக்கணக்கில் மறைத்தார். எர்ன்ஸ்டுக்கு மே என்றால் உயிர். ஒரு கட்டத்தில் மறைக்க முடியாமல் சொன்னபோது பையன் உடைந்துபோனான். அவனைத் தேற்ற ஆலிஸ் முத்தமிட்டார். நோயாளியை நெருங்கக்கூடாது என்று வைத்தியர்கள் சொல்லியிருந்த நேரம் அது. டிசம்பர் 14இல் ஆலிஸும் இறந்தார், வயது 35. அவருடைய தந்தை ஆல்பர்ட் இறந்ததும் 1861 டிசம்பர் 14. அந்த முத்தத்தால்தான் தொற்றியது என்று அன்றே பேசிக்கொண்டார்கள். ஆனால் அவர் பல வாரங்களாக ஆறு நோயாளிகளைப் பராமரித்தவர். தொற்றின் வழியை ஒரே முத்தத்தில் நிறுத்திப் பத்து வயதுப் பையன் தலையில் பழியை வைப்பது நியாயமில்லை. கட்டுரையில் 'என்று கருதப்பட்டது' என்ற அளவில் நிறுத்துங்கள்.

மகள் எலிசபெத் இறந்தது டைஃபாய்டில். 1895 மார்ச் 11இல் பிறந்தவள், எட்டு வயது. அவள் இறந்த இடம் ஜார் குடும்பத்தின் வேட்டை மாளிகை என்பதால், ஜாருக்கு வைத்த விஷத்தைக் குழந்தை சாப்பிட்டுவிட்டாள் என்று அப்போதே புரளி கிளம்பியது. அதைச் செய்தியாக எழுத வேண்டாம்.

இன்னொரு தகவல், வரைபடத்தில் காட்டத்தக்கது. தாய் வழியாக மட்டும் போகும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை வைத்துத்தான் ஜார் குடும்ப எலும்புகள் அடையாளம் காணப்பட்டன. ஆலிஸ் → மகள் விக்டோரியா → பேத்தி பாட்டன்பெர்க் ஆலிஸ் → அவர் மகன் இளவரசர் பிலிப் (இரண்டாம் எலிசபெத் ராணியின் கணவர்). பிலிப் கொடுத்த ரத்த மாதிரி, அலிக்ஸின் எலும்போடும் மூன்று மகள்களின் எலும்போடும் பொருந்தியது. 'ஜாரின் மகள் அனஸ்தாசியா நான்தான்' என்று பல ஆண்டுகள் சொல்லிவந்த அன்னா ஆண்டர்சனின் திசு மாதிரி 1994 சோதனையில் பொருந்தவில்லை. அந்தப் பெண்ணின் கோரிக்கையை 1920களிலேயே மிகக் கடுமையாக எதிர்த்தவர் எர்ன்ஸ்ட் லுட்விக். இந்த நாலு பெட்டிகளையும் ஒரே நிறத்தில் அடித்துவிட்டால் வாசகருக்குக் கண்ணாலேயே விளங்கும்.

செங்கல்சுவர்

குடும்பத்துக்கு வெளியே என்ன என்று கேட்டிருந்தீர்கள். மட்டில்டென்ஹோஹே, டார்ம்ஸ்டாட்டில் அவர் அமைத்த கலைஞர் குடியிருப்பு. வேறு எதை விட்டாலும் இதை விடக்கூடாது.

ஹெஸ்ஸே பெரிய நாடு அல்ல. ஸ்டார்கென்பர்க், மேல் ஹெஸ்ஸே, ரைன் ஹெஸ்ஸே என்று மூன்று மாகாணம். 1910 கணக்கில் மக்கள்தொகை சுமார் 12.8 லட்சம். நிலக்கரி, எஃகு என்று பிரஷ்யாவோடு போட்டி போட முடியாது. எர்ன்ஸ்ட் லுட்விக்கின் யோசனை வேறு: நல்ல வடிவமைப்பாளர்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் உள்ளூர்த் தச்சர், மட்பாண்டக்காரர், நெசவாளர், அச்சகத்தார் எல்லோருடைய பொருளுக்கும் சந்தையில் மதிப்புக் கூடும். ஆகவே இது வெறும் ராஜாவின் கலை ஆசை அல்ல, தொழில் கொள்கை. இதைச் சொல்லாமல் 'கலைகளைப் போற்றினார்' என்று ஒரு வரியில் முடித்தால் ஆளைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

1899இல் ஏழு பேரை அழைத்தார்: யோசெப் மரியா ஓல்பிரிக், பீட்டர் பெரென்ஸ், ஹான்ஸ் கிறிஸ்டியான்சென், லுட்விக் ஹாபிக், ருடால்ஃப் போஸெல்ட், பவுல் பியூர்க், பாட்ரிட்ஸ் ஹூபர். இவர்களில் பயிற்சி பெற்ற கட்டடக் கலைஞர் ஓல்பிரிக் ஒருவரே. பெரென்ஸ் ஓவியராக வந்தவர். இங்கே தன் சொந்த வீட்டைத் தானே வடிவமைத்ததில்தான் கட்டடக்கலைக்குள் நுழைந்தார். 1901 கண்காட்சியின் புதுமை, பொருளை மண்டபத்தில் அடுக்காமல், கலைஞர்கள் குடியிருக்கும் வீடுகளையே மேசை, கரண்டி, திரைச்சீலை உட்பட மக்களுக்குத் திறந்துவிட்டது. பிறகு 1904, 1908, 1914 என்று மூன்று கண்காட்சிகள். 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

அங்கே நிற்கும் ஐந்து விரல் போன்ற உச்சி கொண்ட கோபுரத்தின் பெயர் திருமணக் கோபுரம், உயரம் 48.5 மீட்டர். எந்தத் திருமணம் என்பதில் பலர் இடறுகிறார்கள். 1894 திருமணம் அல்ல. அது 1901 டிசம்பர் 21இல் முறிந்துவிட்டது. 1905 பிப்ரவரி 2இல் சோல்ம்ஸ்-ஹோஹென்சோல்ம்ஸ்-லிக் குடும்பத்து எலியோனோரேயை மணந்தார். அதன் நினைவாக டார்ம்ஸ்டாட் நகரத்தார் கொடுத்த பரிசு இது. கட்டி முடிந்தது 1908இல். ஓல்பிரிக் அதே ஆண்டு ஆகஸ்டில் 40 வயதில் இறந்துபோனார்.

கோபுரத்துக்குப் பக்கத்தில் தங்கக் குவிமாடத்தோடு நிற்கும் ரஷ்யத் தேவாலயத்துக்கும் கலைஞர் குடியிருப்புக்கும் தொடர்பில்லை. அது தங்கை அலிக்ஸ் பிறந்தகம் வரும்போது வழிபட, ஜார் பணத்தில் 1897–99இல் எழுந்தது. ஒரே புகைப்படத்தில் இரண்டும் வருவதால் குழம்பிவிடுகிறார்கள்.

குடும்பத்தையும் இந்தப் பணியையும் சேர்த்துக் காட்ட ஒரு சின்னக் கட்டடம் போதும். டார்ம்ஸ்டாட்டுக்கு வடக்கே வோல்ஃப்ஸ்கார்டன் என்ற வேட்டை மாளிகையின் தோட்டத்தில், மகள் எலிசபெத்துக்காக ஓல்பிரிக் 1902இல் ஒரு விளையாட்டு வீடு கட்டினார். கதவும் சாளரமும் அறைக்கலன்களும் குழந்தையின் உயரத்துக்கு அளவெடுத்தவை. அப்போது பெற்றோர் பிரிந்திருந்தார்கள். குழந்தை ஆண்டில் ஆறு மாதம் அப்பாவோடு, ஆறு மாதம் அம்மாவோடு என்று ஏற்பாடு. வீடு கட்டிய மறு ஆண்டே அவள் இறந்தாள். வீடு இன்றும் நிற்கிறது.

இந்தியத் தொடர்பும் உண்மையானது: 1903 ஜனவரி டெல்லி தர்பாரில் தாய்மாமன் ஆர்தரோடு (கன்னாட் கோமகன்) இவரும் விருந்தினராகக் கலந்துகொண்டார். 1921 ஜூனில் தாகூர் டார்ம்ஸ்டாட் வந்தபோது வரவேற்றவரும் இவரே. ஆனால் அப்போது பட்டம் இல்லை. தத்துவவாதி கைசர்லிங் தொடங்கிய 'ஞானப் பள்ளி' அந்த வருகையின் நிகழ்ச்சிகளை நடத்தியது.

மணிமுத்தாறு

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டாம் லுட்விக்கிலிருந்து மறுபடி வரைந்தாயிற்று, ஏ3 போதவில்லை, ஏ2 ஆகிவிட்டது. இனி இரண்டு கேள்விதான். 1918க்குப் பிறகு அவரை எப்படிக் குறிப்பிடுவது? 1937 விபத்தில் இறந்தவர்களையும் பிழைத்தவர்களையும் வரைபடத்தில் எப்படிக் காட்டுவது? தத்துக்கோடு இரண்டு இடத்தில் வரும் என்று கல்வெட்டுப்பித்தன் சொன்னது இதற்குத்தானா?

கல்வெட்டுப்பித்தன்

ஆமாம், இதற்குத்தான்.

முதல் கேள்வி: 1918 நவம்பர் 9இல் தொழிலாளர்–சிப்பாய்கள் குழு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அவராகப் பட்டம் துறக்கவில்லை. கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஆகவே 'பட்டம் துறந்தார்' என்று எழுதுவது பிழை, 'நீக்கப்பட்டார்' என்று எழுதுங்கள். ஆட்சிக்காலம் 1892 மார்ச் 13 – 1918 நவம்பர் 9. 1919 வைமார் அரசியல் சட்டம் பிரபுப் பட்டங்களைக் குடும்பப் பெயரின் பகுதியாக மட்டும் அனுமதித்தது. ஆகவே அதற்குப் பிறகு 'முன்னாள் கிராண்ட் டியூக்' என்பதே சரி. அவரை ஊரைவிட்டுத் துரத்தவில்லை. டார்ம்ஸ்டாட்டிலும் வோல்ஃப்ஸ்கார்டனிலும் வாழ்ந்து 1937 அக்டோபர் 9இல் வோல்ஃப்ஸ்கார்டனில் காலமானார். அவருடைய இரண்டு தங்கை–அக்காமாருக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை. அலிக்ஸ் குடும்பத்தோடு 1918 ஜூலை 17இல் எகதெரின்பர்க்கில், எலிசபெத் மறுநாள் அலபயெவ்ஸ்கில் கொல்லப்பட்டார்கள். அந்தத் தேதிகள் இரண்டும் ஏற்கெனவே புதிய நாட்காட்டி, எதையும் கூட்டாதீர்கள்.

இரண்டாவது: எலியோனோரேக்கு இரண்டு மகன்கள். கேயோர்க் டொனாட்டுஸ், 1906 நவம்பர் 8. லுட்விக், 1908 நவம்பர் 20. டொனாட்டுஸ் 1931 பிப்ரவரி 2இல், பெற்றோரின் திருமண நாளிலேயே, கிரேக்க இளவரசி செசிலியை மணந்தார். செசிலி இளவரசர் பிலிப்பின் உடன்பிறந்த அக்கா. டொனாட்டுஸின் அத்தை விக்டோரியாவின் பேத்தி. அந்தக் கோட்டை எண் மூலம் காட்டுங்கள்.

தம்பி லுட்விக்கின் திருமணம் லண்டனில் 1937 அக்டோபர் 23இல் நடக்க வேண்டியது. அப்பாவின் சாவால் நவம்பருக்குத் தள்ளிப்போனது. அதற்காகக் குடும்பம் நவம்பர் 16இல் விமானம் ஏறியது. பெல்ஜிய சபேனா நிறுவனத்தின் யுங்கர்ஸ் 52 வகை விமானம். மூடுபனியில் ஓஸ்டெண்ட் அருகே இறங்க முயன்றபோது ஒரு செங்கல் தொழிற்சாலையின் புகைபோக்கியில் இடித்து விழுந்தது. விமானத்தில் இருந்த 11 பேரும் இறந்தார்கள். அவர்களில் குடும்பத்தார்: எலியோனோரே, டொனாட்டுஸ், செசிலி, மகன்கள் லுட்விக் (ஆறு வயது), அலெக்சாண்டர் (நாலு வயது). செசிலி நிறைமாதக் கர்ப்பிணி. சிதைவுகளுக்கிடையே பச்சிளம் சிசுவின் உடலும் கிடைத்தது. அந்தச் சிசுவுக்குப் பெயரில்லாப் பெட்டி ஒன்று போடுங்கள், விட்டுவிடாதீர்கள். மறுநாளே, 17ஆம் தேதி, லுட்விக்கும் மார்கரெட் கெடிஸும் துக்க உடையில் மணம் முடித்தார்கள். பிறகு சடலங்களோடு டார்ம்ஸ்டாட் திரும்பினார்கள். எல்லோருக்கும் அடக்கம் ரோசென்ஹோஹே பூங்காவில்.

பயணத்துக்கு வராமல் வீட்டில் விடப்பட்டது ஒரே குழந்தை: யோஹன்னா, 1936 செப்டம்பர் 20இல் பிறந்தவள். சித்தப்பா லுட்விக்கும் மார்கரெட்டும் தத்தெடுத்தார்கள். அவள் பெட்டியை டொனாட்டுஸ்–செசிலிக்குக் கீழே முழுக்கோட்டில் வைத்து, லுட்விக்–மார்கரெட்டிலிருந்து புள்ளிக்கோடு இழுங்கள். 1939 ஜூன் 14இல் மூளைக்காய்ச்சலில் இறந்தாள். மூன்று வயது நிரம்பவில்லை.

லுட்விக்–மார்கரெட்டுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. 1960இல் ஹெஸ்ஸே-காஸெல் கிளையின் மோரிட்ஸை (1926–2013) தத்தெடுத்தார்கள். இதுதான் இரண்டாவது புள்ளிக்கோடு. 1968 மே 30இல் லுட்விக் இறந்ததோடு டார்ம்ஸ்டாட் கிளையின் ஆண் வாரிசு முடிந்தது. மார்கரெட் 1997 வரை இருந்தார். மோரிட்ஸ் யோஹன்னாவின் இடத்துக்கு வந்தவர்போலத் தெரியாமல் இருக்க, அவர் பெட்டியைத் தாளின் வலது ஓரத்துக்குத் தள்ளி, தந்தை பிலிப் (ஹெஸ்ஸே-காஸெல்), தாய் இத்தாலிய இளவரசி மஃபால்டா என்று உள்ளேயே எழுதிவிடுங்கள். இந்தப் பிலிப்பும் செசிலியின் தம்பி பிலிப்பும் வேறு வேறு ஆட்கள். எண்ணை மறக்காமல் போடுங்கள்.